தலைநகரின் காவல்துறை யாருக்குப் பதில் சொல்கிறது?

தில்லியில் மக்களை உலுக்கும் குற்றம் நடக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்சியாளர்கள் மூன்று வாக்குறுதிகளுடன் வருகின்றனர். கூடுதல் போலீசார், கூடுதல் கேமராக்கள், கூடுதல் தண்டனை. கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக இம்மூன்றும் தாராளமாகவே வழங்கப்பட்டுள்ளன. தில்லி காவல்துறையில் சுமார் 80,000 பேர் பணியாற்றுகின்றனர். நகரெங்கும் லட்சக்கணக்கான கண்காணிப்புக் கேமராக்கள் உள்ளன. பாலியல் வன்கொடுமைக்கான தண்டனைகள் 2013இலும் 2018இலும் கடுமையாக்கப்பட்டன. ஆயினும் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் பெண் தொழிலாளியின் அச்சம் நீங்கவில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம், 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 19 பெருநகரங்களின் விவரங்களைத் தனியாக வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டில் பெண்களுக்கு எதிரான குற்றங்களாக தில்லியில் மட்டும் 14,158 வழக்குகள் பதிவாயின. பெருநகரங்களில் இதுவே மிக அதிகம். அதற்கு முந்தைய ஆண்டிலும் தில்லியே முதலிடத்தில் இருந்தது. இது பதிவான வழக்குகளின் எண்ணிக்கை மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. வழக்குகளை முறையாகப் பதிவு செய்யும் நகரத்தின் எண்ணிக்கை உயரும். புகார்தாரரை விரட்டியடிக்கும் நகரத்தின் எண்ணிக்கை குறையும். எனவே எண்ணிக்கையை மட்டும் வைத்துக் காவல்துறையைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாதிக்கப்பட்ட சாதாரண மனிதர் காவல் நிலையத்தின் படியேறினால் என்ன நடக்கிறது? அங்கு நீதி மறுக்கப்பட்டால் அவர் யாரிடம் முறையிட முடியும்?

இக்கேள்வி இடதுசாரி இயக்கத்துக்கு முக்கியமானது. காவல்துறை ஆளும் வர்க்கத்தின் ஒடுக்குமுறைக் கருவி என்பது அடிப்படை உண்மை. அதனாலேயே பாதுகாப்பு என்னும் பிரச்சனையை வலதுசாரிகளிடம் விட்டுவிடும் போக்கு சில நேரங்களில் தலைதூக்குகிறது. அது தவறு. செல்வந்தர்கள் மதில் சூழ்ந்த குடியிருப்புகளில் தனியார் காவலாளிகளை வைத்துக்கொள்கின்றனர். திருட்டுக்கும் ரவுடிகளின் மாமூலுக்கும் வீதிச் சீண்டலுக்கும் குடும்ப வன்முறைக்கும் எதிராகப் பொதுக் காவலைத் தவிர வேறு துணை இல்லாதவர்கள் குடிசைவாசிகளும் வீட்டு வேலைத் தொழிலாளர்களும் நடைபாதை வியாபாரிகளுமே. பாதுகாப்பு உழைக்கும் மக்களின் கோரிக்கை. அவர்களின் அச்சத்துக்கு ஜனநாயக விடையை முன்வைக்காவிட்டால், புல்டோசரும் என்கவுன்டருமே விடை என்று வலதுசாரிகள் நம்பவைத்துவிடுவார்கள்.

2012 சொன்ன பாடம்

2012 டிசம்பர் 16 இரவு நடந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அதன் சூழலை ஆட்சியாளர்கள் வசதியாக மறந்துவிட்டனர். திரைப்படம் பார்த்துவிட்டுத் திரும்பிய இளம்பெண்ணும் அவரது நண்பரும் முனீர்க்காவில் ஒரு தனியார் பேருந்தில் ஏறினர். முறையான அனுமதியின்றி ஓடிய பேருந்து அது. நகரின் முக்கியச் சாலைகளில் அது சுற்றியபோது எந்தச் சோதனையும் அதனைத் தடுக்கவில்லை. அடுத்த சில நாட்களில் மாணவர்களும் இளைஞர்களும் இந்தியா கேட் பகுதியில் திரண்டனர். அப்போது காவல்துறை முழு வேகத்தில் செயல்பட்டது. கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி, தடியடி, தடை உத்தரவு, மெட்ரோ நிலையங்கள் மூடல் என அனைத்தும் ஏவப்பட்டன. குற்றத்தைத் தடுக்க இயலாத அமைப்புக்கு, குற்றத்தை எதிர்த்தவர்களைத் தடுப்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான குழு சுமார் 80,000 ஆலோசனைகளைப் பெற்று, 29 நாட்களில் பணியை முடித்து, 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. மரண தண்டனையை அக்குழு பரிந்துரைக்கவில்லை. காவல்துறைச் சீர்திருத்தம், வழக்குப் பதிவைக் கட்டாயமாக்குதல், பாதுகாப்பான பொதுப் போக்குவரத்து, தெருவிளக்குகள் ஆகியவற்றை அது வலியுறுத்தியது. தில்லியின் சட்டம்-ஒழுங்குக்குப் பொறுப்பு யார் என்ற குழப்பம் நீங்க வேண்டும் என்றும் சுட்டிக்காட்டியது. அரசு எடுத்துக்கொண்டது எதை? அடுத்த மாதமே கொண்டுவந்த அவசரச் சட்டத்தில், குழு பரிந்துரைக்காத மரண தண்டனையைச் சேர்த்தது. காவல்துறைச் சீர்திருத்தம் கிடப்பில் போடப்பட்டது. 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்ட நிர்பயா நிதியின் பெரும்பகுதி தொடக்க ஆண்டுகளில் செலவிடப்படாமலேயே கிடந்தது. தண்டனையைக் கூட்ட அரசுக்குச் செலவில்லை. காவல்துறையைப் பொறுப்புள்ளதாக்கினால் ஆளுங்கட்சி தன் பிடியை இழக்க வேண்டும். தேர்வு எதன் அடிப்படையில் நடந்தது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

மக்களுக்குக் கட்டுப்படாத காவல்துறை

இந்தியக் காவல்துறையின் அடித்தளம் 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம். 1857 எழுச்சியால் அதிர்ந்த ஆங்கிலேய ஆட்சி, இன்னொரு எழுச்சி வராமல் தடுக்க, அயர்லாந்து மக்களை அடக்கி வைத்திருந்த காவல்படையை முன்மாதிரியாகக் கொண்டு அதனை உருவாக்கியது. மக்களுக்குப் பணியாற்றும் நோக்கம் அதில் இல்லை. மேலிடத்துக்குக் கீழ்ப்படிவதே அதன் உயிர்நாடி. தில்லிக்கு 1978இல் தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஆணையர் முறை நடைமுறைக்கு வந்தது. முன்பு மாவட்ட நிர்வாகத்தின் கையிலிருந்த நடுவர் அதிகாரங்கள் காவல் ஆணையரிடம் சென்றன. கூட்டத்துக்குத் தடை விதிப்பதும், தடையை மீறியதாகக் கைது செய்வதும் ஒரே துறையின் கையில் வந்தன.

1991இல் 69ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் தில்லிக்குச் சட்டமன்றம் கிடைத்தது. ஆனால் பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகிய மூன்றும் அதன் அதிகார வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன. இதன் விளைவு விசித்திரமானது. தில்லி மக்கள் குடிநீருக்காகத் தங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேள்வி கேட்கலாம். பேருந்துக்காக முதலமைச்சரைக் கேட்கலாம். தங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்காக யாரையும் கேட்க முடியாது. தில்லி காவல்துறை ஒன்றிய உள்துறை அமைச்சருக்கே கட்டுப்பட்டது. நாடு முழுவதற்குமான உள்துறை அமைச்சர் தில்லியின் ஒரு தெருவில் நடந்த வழிப்பறிக்காகத் தேர்தலில் தோற்கப்போவதில்லை.

பல ஆண்டுகளாக இது ஒன்றிய அரசுக்கும் தில்லி அரசுக்கும் இடையிலான மோதலாக மட்டுமே பேசப்பட்டது. 2025 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் இரண்டு இடங்களிலும் பாஜகவே ஆட்சியில் உள்ளது. மோதல் என்னும் சாக்கு இப்போது இல்லை. ஆனால் மக்களின் பிரதிநிதிகளுக்குக் காவல்துறையைக் கேள்வி கேட்கும் உரிமை இன்றும் கிடைக்கவில்லை. எந்தக் கட்சி ஆள்கிறது என்பதைத் தாண்டி, அமைப்பு முறையிலேயே குறை உள்ளது.

ஒரே சட்டம், இரண்டு அளவுகோல்கள்

கைது செய்யத்தக்க குற்றம் குறித்துப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், பெண் மல்யுத்த வீராங்கனைகள் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் மீது பாலியல் துன்புறுத்தல் புகாருடன் தில்லி காவல்துறையிடம் சென்றனர். வழக்குப் பதிவு செய்யப்படவில்லை. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் நடைபாதையில் அமர்ந்து போராடி, உச்ச நீதிமன்றத்தை அணுகிய பிறகே ஏப்ரல் 28 அன்று வழக்குப் பதிவானது. மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழாவின்போது அங்கு செல்ல முயன்ற வீராங்கனைகள் சாலையில் இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் மீதான வழக்கு அன்றைய தினமே பதிவாகிவிட்டது. நாடறிந்த வீராங்கனைகளுக்கே இந்த நிலை என்றால், ஒரு கட்டடத் தொழிலாளியின் மகள் கொடுக்கும் புகாரின் கதி என்னவாகும்?

2020 ஜனவரி 5 அன்று ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குள் முகமூடிக் கும்பல் தடிகளுடன் புகுந்து தாக்கியபோது போலீசார் வாயிலுக்கு வெளியே நின்றனர். மண்டை உடைந்த மாணவர் சங்கத் தலைவி மீதும் வழக்குப் பதிவானது. அடுத்த மாதம் வடகிழக்கு தில்லி வன்முறையில் 53 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். வெறுப்புப் பேச்சுகள் மீது வழக்குப் பதிவது குறித்து விரைந்து முடிவெடுக்குமாறு தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர் பிப்ரவரி 26 அன்று காவல்துறைக்கு உத்தரவிட்டார். அன்றிரவே அவரது இடமாற்ற ஆணை வெளியானது. வன்முறை தொடர்பான வழக்குகளில் விசாரணை தரமற்றதாக இருந்ததை தில்லி நீதிமன்றங்களே பலமுறை கண்டித்துள்ளன.

எளியவர்கள் மீது மட்டும் சட்டம் மின்னல் வேகத்தில் பாய்கிறது. காலனியச் சட்டங்களுக்கு முடிவு கட்டுவதாகப் பெருமை பேசி 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அன்று தில்லியில் பதிவான முதல் வழக்கு என்று நாடெங்கும் செய்தியானது, புது தில்லி ரயில் நிலையம் அருகே வண்டி போட்டுப் பிழைத்த வியாபாரி மீதான வழக்கு. போக்குவரத்துக்கு இடையூறு செய்தார் என்பது குற்றச்சாட்டு. நாடு முழுவதும் கண்டனம் எழுந்ததும் அந்த வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அந்தச் சட்டங்களின் திசை மாறவில்லை. போலீஸ் காவலை முதல் 15 நாட்களுக்குள் மட்டுமே கேட்க முடியும் என்ற பழைய வரம்பு தளர்த்தப்பட்டு, குற்றத்தின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பகுதி பகுதியாகக் கேட்கும் வழி திறக்கப்பட்டுள்ளது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் வழக்குப் பதியும் முன் 14 நாட்கள் வரை முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்ற பிரிவு, லலிதா குமாரி தீர்ப்பின் பலனை அரித்துவிடும். கைது செய்யப்பட்டவருக்கு எதிரான அதிகாரம் கூடியிருக்கிறது. புகார் கொடுப்பவருக்கான உறுதி குறைந்திருக்கிறது.

2022 ஏப்ரலில் ஜஹாங்கீர்புரியில் மத மோதல் நடந்த சில நாட்களில் புல்டோசர்கள் வந்தன. போலீசார் அவற்றுக்குக் காவல் நின்றனர். உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகும் இடிப்பு தொடர்ந்தது. இடதுசாரித் தலைவர் பிருந்தா காரத் நீதிமன்ற உத்தரவுடன் புல்டோசரின் முன் நின்றார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை இடிப்பது சட்டத்தின் ஆட்சிக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது.

பேருந்தும் வீடும் பாதுகாப்பே

நகரப் பாதுகாப்பு காவல் நிலையத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. 2012இல் அந்த இருவருக்கும் ஒரு அரசுப் பேருந்து கிடைத்திருந்தால் அந்த இரவு வேறு விதமாக முடிந்திருக்கும். 2019 அக்டோபர் முதல் தில்லியின் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. லட்சக்கணக்கான உழைக்கும் பெண்களுக்கு அது பெரும் துணையானது. பேருந்துகளில் பாதுகாப்புக்கு நிறுத்தப்பட்டிருந்த மார்ஷல்கள் சுமார் 10,000 பேர், 2023 நவம்பரில் ஒரே உத்தரவில் வேலையிழந்தனர். குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களை இப்பணியில் அமர்த்தியது விதிமுறைக்கு முரண் என்று காரணம் கூறப்பட்டது. விதியைச் சரிசெய்து வேலையை நிரந்தரமாக்கியிருக்கலாம். ஆட்சியாளர்கள் அதைச் செய்யவில்லை. பாதுகாப்பு அளித்தவர்களும் தொழிலாளர்கள், பாதுகாப்பு பெற்றவர்களும் தொழிலாளர்கள். இரு தரப்பும் இழந்தனர்.

ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி முகாமைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காகச் சென்றவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்தனர். பெண்களில் பலர் அருகிலிருந்த குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்தனர். 2025 ஜூன் 1 அன்று, தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி, போலீஸ் பாதுகாப்புடன் அந்த முகாம் இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகளில் பாதிக்குச் சற்று அதிகமானவையே மாற்று வீட்டுக்குத் தகுதியானவையாகக் கருதப்பட்டன. அந்த மாற்று வீடுகளும் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில் ஒதுக்கப்பட்டன. நடந்து சென்று வேலை பார்த்த பெண், பழைய வேலையைத் தக்கவைக்க விரும்பினால் விடியும் முன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்ப வேண்டும். அவரது பாதுகாப்பைப் பறித்தது எந்தத் திருடனும் அல்ல. நகரை அழகுபடுத்துகிறோம், வடிகாலைச் சீரமைக்கிறோம் என்று கூறி உழைப்பவர்களை விளிம்புக்குத் தள்ளும் கொள்கைதான் அதனைப் பறித்தது. எந்தப் பாதுகாப்புத் திட்டத்தின் கணக்கிலும் இந்த இழப்பு இடம்பெறுவதில்லை.

கேமராக்களின் கதையும் இதைப் போன்றதே. மக்களைக் கண்காணிக்கத் தெருவெங்கும் கேமராக்கள் உள்ளன. காவல் நிலையங்களின் லாக்கப் உட்பட எல்லாப் பகுதிகளிலும் கேமராக்கள் பொருத்த வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் கேமராக்கள் இயங்காத நிலை குறித்து அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்றுவரை அதனை ஏற்புறுதி செய்யவில்லை.

சீருடைக்குள் இருக்கும் தொழிலாளி

காவல்துறையை விமர்சிக்கும்போது கான்ஸ்டபிளின் நிலையை மறந்துவிட முடியாது. ஓய்வில்லாத நீண்ட பணிநேரம், மறுக்கப்படும் வார விடுப்பு, முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புக்காக இழுத்தடிப்பு, மேலதிகாரிகளின் அவமதிப்பு ஆகியவை அவரது அன்றாடம். 1960களில் தில்லியின் கீழ்நிலைக் காவலர்கள் சங்கம் அமைத்தனர். முதலில் அங்கீகரித்த அரசு பின்னர் அங்கீகாரத்தைப் பறித்தது. காவலர்களின் சங்க உரிமையைக் கட்டுப்படுத்தும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று 1986இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. 2019 நவம்பரில் தீஸ் ஹசாரி நீதிமன்ற மோதலுக்குப் பின் ஆயிரக்கணக்கான போலீசார் தங்கள் தலைமையகத்தின் முன்பே திரண்டு, தங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று முழக்கமிட்டனர். சட்டபூர்வமான குரல் இல்லாத இடத்தில் அதிருப்தி அப்படித்தான் வெடிக்கும். மேலிருந்து அவமதிக்கப்படும் காவலர் அந்த அவமதிப்பைத் தனக்குக் கீழே இருப்பவர் மீது இறக்குகிறார். சங்க உரிமையும் எட்டு மணி நேரப் பணியும் பெற்ற காவலரிடமிருந்தே சட்டவிரோத உத்தரவை மறுக்கும் துணிவை எதிர்பார்க்க முடியும்.

மாநிலத்திடம் கொடுத்தால் போதுமா?

தில்லி காவல்துறையை மாநில அரசிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானது. விடை, ஆகாது என்பதே. காவல்துறை மாநில அரசின் கையில் உள்ள தமிழ்நாட்டில்தான் 2020இல் சாத்தான்குளம் நடந்தது. 1977இல் அமைக்கப்பட்ட தேசிய காவல் ஆணையம் எட்டு அறிக்கைகள் அளித்தது. 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியல் தலையீட்டைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணையம், விசாரணைப் பிரிவையும் சட்டம்-ஒழுங்குப் பிரிவையும் பிரித்தல், அதிகாரிகளுக்கு உறுதியான பதவிக்காலம், மாநில, மாவட்ட அளவில் காவல் புகார் ஆணையங்கள் உள்ளிட்ட ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் அவற்றை முழுமையாக நிறைவேற்றியதாகக் கூற இயலாது. ஆட்சிக்கு வருவோருக்குக் காவல்துறை ஒரு வசதியான கருவி. அதை விட்டுக்கொடுக்க யாரும் தாமாக முன்வருவதில்லை.

ஆகவே இரண்டு படிகளும் தேவை. காவல்துறை மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே வேளையில் ஆளும் அமைச்சரின் ஏவல் படையாக மாறாமல் சுயேச்சையான அமைப்புகளின் கண்காணிப்பிலும் இருக்க வேண்டும். நாடாளுமன்றமும் தூதரகங்களும் இருப்பதால் தலைநகர் தனித்தன்மை கொண்டது என்னும் வாதத்துக்கும் விடை உண்டு. அவை அமைந்துள்ள புது தில்லிப் பகுதியின் பாதுகாப்பு ஒன்றிய அரசிடம் இருக்கலாம். நரேலாவிலும் சீலம்பூரிலும் சங்கம் விஹாரிலும் நடக்கும் வழிப்பறியை விசாரிக்க ஒன்றிய உள்துறை அமைச்சகம் தேவையில்லை.

போராட்டத்தின் கோரிக்கைகள்

புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரி மீது தவறாமல் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். பெண்கள், தலித்துகள், சிறுபான்மையினர், தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட புகார் ஆணையங்கள், தண்டிக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்துடன் மாவட்டந்தோறும் இயங்க வேண்டும். தில்லி காவல்துறையில் பெண்களுக்கு 33 சதவீத இடஒதுக்கீடு 2015இல் ஏற்கப்பட்டது. இன்னும் அந்த இலக்குக்கு வெகு தொலைவிலேயே இருக்கும் நிலை மாற வேண்டும். காவல் நிலையக் கேமராப் பதிவுகள் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டும். பேருந்து, தெருவிளக்கு, பணிபுரியும் பெண்களுக்கான விடுதி, வேலைக்கு அருகிலேயே மறுகுடியமர்வு ஆகியவை பாதுகாப்புச் செலவாகக் கருதப்பட வேண்டும். காவலர்களுக்குச் சங்க உரிமை வேண்டும்.

இவை தில்லிக்கு மட்டும் உரியவை அல்ல. நிர்பயா நிதியின் பாதுகாப்பான நகரத் திட்டத்தில் தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்கள் உள்ளன. அந்தப் பணம் கேமராக்களுக்குச் சென்றதா, பேருந்துக்கும் விளக்குக்கும் சென்றதா என்று ஒவ்வொரு நகரத்திலும் கணக்குக் கேட்பது கட்சிக் கிளைகளின் பணி. குடிசைப் பகுதிகளில் பெண்களைத் திரட்டி, இருண்ட தெருக்களையும் பேருந்து வராத நேரங்களையும் பதிய மறுக்கப்பட்ட புகார்களையும் பட்டியலிட்டு, காவல் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் ஊர்வலமாகச் செல்வதில் இருந்து இப்பணி தொடங்க முடியும். காவலர்களைக் கண்டால் ஏழைகள் அஞ்சி ஒதுங்கும் நகரத்தில் எத்தனை கேமராக்கள் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை. அந்த அச்சத்தைப் போக்கும் போராட்டத்தை உழைக்கும் மக்களே தலைமையேற்று நடத்த வேண்டும்.